டெல்லிக் கதவைத் தட்டும் முன்



1945ஆம் வருடம். திரைப்பட நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறையில். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் இருவருக்கும் ஆயுள் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் தோற்றுவிட்டது. நமக்கு மேலே அன்றைக்கு இருந்தது லண்டன் பிரிவி கவுன்சில். அங்கே போக முதலில் அனுமதி கேட்க வேண்டும். கேட்டார்கள், கிடைத்தது. மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொல்லி வழக்கு சென்னைக்கே திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். அந்த அனுமதி கிடைக்காமல் போயிருந்தால்?

பிரிவி கவுன்சில் போய் உச்ச நீதிமன்றம் வந்தது. அனுமதி கேட்கும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 136ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. சிறப்பு அனுமதி மனு என்பார்கள். வக்கீல்கள் வாயில் அது 'எஸ்.எல்.பி.' ராணுவ நீதிமன்றங்கள் நீங்கலாக, நாட்டின் எந்த நீதிமன்றம், தீர்ப்பாயம் தந்த உத்தரவையும் எதிர்த்து இந்த மனுவைப் போடலாம். ஆனால் அனுமதி தருவதும் மறுப்பதும் நீதிபதிகளின் விருப்புரிமை. அபூர்வமான வழக்குகளில்தான் தருவோம் என்று 1950லேயே பிரீதம் சிங் வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றம் ஒருவரின் விடுதலையை ரத்து செய்து தூக்குத் தண்டனை விதிப்பது போன்ற சில சமயங்களில் மட்டும் மேல்முறையீடு உரிமையாகவே உண்டு.

மனுக்கட்டைப் பிரித்தால் முகப்பிலேயே வழக்கின் சுருக்கமும் தேதிப் பட்டியலும் இருக்கும். என்றைக்குக் கிரயம் ஆனது, என்றைக்கு வழக்குப் போட்டார்கள், கீழ்க்கோர்ட் என்ன சொன்னது, எல்லாம் தேதிவாரியாக. இருபது வருடம் இழுத்த வழக்கு அந்தச் சில பக்கங்களில் அடங்க வேண்டும். புது மனுக்கள் குவியும் நாளில் ஒரு மனுவுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதனால் அந்தப் பக்கங்களை எழுதுவதில்தான் வக்கீலின் திறமை தெரியும் என்பது என் எண்ணம். நம் ஊர்ப் பத்திரமும் சாட்சியமும் தமிழில் இருந்தால், அத்தனையையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அங்கே வழக்கு மொழி ஆங்கிலம். அதில் ஒரு சொல் பிசகினாலும் கேடு நமக்குத்தான்.

விசாரணையில் நோட்டீஸ் போகலாம், அனுமதி கிடைத்து மனு மேல்முறையீடாக மாறலாம். பல சமயம் ஒற்றை வரியில் தள்ளுபடி. காலமெல்லாம் காத்திருந்து, கடன் வாங்கி டெல்லி போனவருக்கு அந்த ஒரு வரி எப்படி வலிக்கும்! அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்தால், உச்ச நீதிமன்றமே கீழே வந்த தீர்ப்பைச் சரி என்று ஏற்றுக்கொண்டதாக ஆகாது. வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே. 2000த்தில் குன்ஹயம்மது வழக்கில் நீதிமன்றமே இதைத் தெளிவாக்கியது. உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கும் வழிகூட அதன் பிறகும் அடைபடாது. "சுப்ரீம் கோர்ட்டே நீ பொய்யன்னு சொல்லிருச்சு" என்று ஊரில் யாராவது பேசினால் மனமுடைந்து போகாதீர்கள்.

கெடு முக்கியம். பொதுவாக, உயர் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து 90 நாள். தவறினால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு போட வேண்டும். மன்னிப்பார்கள் என்று நம்பி உட்கார முடியாது. தீர்ப்பு வந்த அன்றே சான்று நகலுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். உச்ச நீதிமன்றத்தில் வக்கீல் வழியாக மனுப் போடுவதென்றால், அங்கே தேர்வெழுதிப் பதிவான வக்கீல்தான் தாக்கல் செய்ய முடியும். உள்ளூர் வக்கீலிடம் அதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கையில் காசில்லையே என்பவர்களுக்கு உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே மனு அனுப்பலாம். சட்ட உதவிக்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. பக்கத்தில் பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.