மந்தக் காலத்தில் மதிப்புக் குன்றாத செல்வம்



கொடிய பொருளாதார மந்தம் ஒரு நாட்டைத் தாக்கும்போது எந்த முதலீடு மதிப்புக் குன்றாமல் நிற்கும்? இவ்வினாவுக்கு விடையை 1929ஆம் ஆண்டில் தொடங்கிய பெருமந்தத்தில் தேடுவோம். முதலில் அமெரிக்க நாட்டைப் பார்ப்போம்.

நியூயார்க் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் 1929 செப்டம்பர் 3ஆம் நாள் 381 என்னும் உச்சத்தில் இருந்தது. 1932 ஜூலை 8ஆம் நாள் அது 41. நூறு டாலர் பதினோரு டாலராகச் சுருங்கிற்று. பழைய உச்சத்தை அது மீண்டும் எட்டியது 1954 நவம்பரில். இடையே கிடைத்த இலாப ஈவையும் விலைவாசி வீழ்ச்சியையும் சேர்த்துப் பார்த்தால், காத்திருப்பு அத்துணை நீண்டதன்று என்பர், அதுவும் உண்மையே. ஆயினும், கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்க்குக் காத்திருக்கும் வாய்ப்பே இல்லை. விலை சரிந்ததும் தரகர் மேலும் பணம் கேட்டார். கொடுக்க இயலாதவரின் பங்குகளை விற்றுவிட்டார்.

நிலைத்து நின்றவை யாவை? அரசாங்கக் கடன் பத்திரங்களும் ரொக்கமுமே. ரொக்கமும் ஒரு முதலீடா எனச் சிலர் நகைக்கலாம். 1929க்கும் 1933க்கும் இடையே அமெரிக்காவில் நுகர்பொருள்களின் விலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எனவே பெட்டியில் உறங்கிய டாலர், வட்டி ஏதுமின்றியே, முன்னிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பண்டங்களை வாங்கும் ஆற்றல் பெற்றது. அதே டாலர் வங்கியில் கிடந்திருந்தால்? 1930 முதல் 1933 வரை ஏறக்குறைய 9,000 வங்கிகள் முறிந்தன. வைப்புத் தொகைக்கான கூட்டாட்சிக் காப்புறுதி 1934 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் தொடக்கத்தில் 2,500 டாலர் வரையில் மட்டுமே.

இனிப் பொன். மந்தத்தில் பொன்னே காக்கும் என்று பலர் நம்புகின்றனர். விலை உயர்ந்தது மெய்தான். ஆனால் உயர்வு யாரைச் சேர்ந்தது? 1933 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், குடிமக்கள் தம் பொன்னை ஒப்படைக்குமாறு ஆணையிட்டார். அவர்களுக்குக் கிடைத்த விலை அவுன்சுக்கு 20.67 டாலர். 1934 ஜனவரியில் அரசாங்கம் அதனை 35 டாலராக உயர்த்தியது. இலாபம் கருவூலத்துக்குப் போயிற்று. ஹோம்ஸ்டேக் போன்ற பொற்சுரங்க நிறுவனங்களின் பங்குகளை வைத்திருந்தோர் மட்டும் நல்ல பயன் பெற்றனர்.

பொன்னின் கதை நம் நாட்டில் வேறு விதமாக நடந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் அளவை முறையைக் கைவிட்டது. ரூபாய் ஸ்டெர்லிங்குடன் பிணைக்கப்பட்டிருந்தமையால் இங்கே பொன்னின் ரூபாய் விலை ஏறிற்று. பொருளாதார நூல்களின்படி, விலை ஏறும் பொருளைக் கையில் வைத்திருந்தவன் பாக்கியசாலி அல்லவா? ஆனால் நம் உழவனின் நிலை என்ன? தானியத்தின் விலை சரிந்தது. கிஸ்தியும் கடனும் சரியவில்லை. நூறு ரூபாய்க் கடனைத் தீர்க்க, விலை பாதியானபின், இரு மடங்கு நெல்லை அளக்க வேண்டும். ரொக்கம் வைத்திருந்தவனை வாழ வைத்த அதே விலை வீழ்ச்சி கடன்பட்டவனை நசுக்கிற்று. ஆகவே தாலியையும் வளையலையும் விற்றனர். அப்பொன் உருக்கப்பட்டுப் பம்பாய்த் துறைமுகம் வழியாக இலண்டனுக்குச் சென்றது.

1932 ஜூலையில் 41 ஆக இருந்த அந்த டௌ ஜோன்ஸ் எண் 1937 மார்ச்சில் 194 ஆயிற்று. ஐந்தாண்டுக்குள் நான்கு மடங்குக்கு மேல்! அதனை அடைந்தவர் அத்தருணத்தில் கையில் பணமும், தலையில் கடன் இன்மையும், அலுவலும் உடையவர். 1933இல் அமெரிக்கத் தொழிலாளரில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தார் என்பதை நினைத்தால், அத்தகையோர் எத்துணைச் சிலர் என்பது விளங்கும்.

சென்னை மாகாணத்தில் 1938ஆம் ஆண்டு, இராஜாஜியின் அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடன்களின் வட்டி நிலுவை அதனால் தள்ளுபடியாயிற்று. அதற்குள் நகைகள் கப்பலேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.