கேட்காமல் எடுத்த புத்தகம்



திருக்குறளில் நட்புக்குப் பின் நட்பாராய்தல், அதற்குப் பின் பழைமை என்று அதிகாரங்கள் அமைந்திருக்கின்றன. பழைமை 81ஆவது அதிகாரம். இங்கே பழைமை என்பது பழஞ்சரக்கு அன்று. நெடுநாட் பழகிய நட்பின் உரிமை. அந்த அதிகாரத்தைப் பல ஆண்டுகளாகக் கல்லூரியில் கற்பித்து வருகிறேன். ஆனால் நான் அதைக் கற்றுக்கொண்டது 2024ஆம் ஆண்டு மொனராகலையில் நடந்த ஓர் ஒன்றுகூடலிலேதான்.

1974இல் சாதாரண தரம் எழுதிய வகுப்பின் பொன்விழா அது. றப்பர்த் தோட்டங்களிலிருந்தும், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்து ஒரே வாங்கில் அமர்ந்து படித்தவர்கள். எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரும் அவர்களில் ஒருவர். அவர் அழைத்ததால் நானும் போயிருந்தேன்.

முதல் நிகழ்ச்சியாகப் பழைய வரவு இடாப்பை நினைவிலிருந்து எழுதி வாசித்தார்கள். பெயர் சொல்லச் சொல்ல, "உள்ளேன்" என்ற குரல்கள் நடுங்கி எழுந்தன. பல பெயர்களுக்கு, "போயிட்டான்" என்ற ஒரு சொல்லே பதிலாக வந்தது. உலகத்தைவிட்டுப் போனானா, ஊரைவிட்டுப் போனானா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. மலையகத் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகிப் போனது தற்செயலன்று.

1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை, இந்த வகுப்புப் பரீட்சை எழுதிய அதே 1974ஆம் ஆண்டில், இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மொனராகலைக்கு ரயில் பாதை இல்லை. பஸ்ஸில் பதுளைக்கு வந்து, அங்கே கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கோச்சிக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. எழுத்தாளர் மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கும் அதுவே பெயர்.

இடாப்பில் ஒரு பெயர் வந்தபோது என் ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய ஆருயிர் நண்பரின் பெயர். 1976இல் குடும்பத்தோடு இந்தியா சென்றவர். போனவருடன் ஆசிரியரின் திருக்குறள் புத்தகமும் போய்விட்டது. பேச்சுப் போட்டியில் பரிசாகக் கிடைத்த புத்தகம். லயத்துக் காம்பராவில் அவருக்கென்று இருந்த ஒரே சொத்து. சொல்லாமல் எடுத்துச் சென்றுவிட்டானே என்ற மனக்குறை அவருக்கு ஆறவே இல்லை. வந்த இரண்டு கடிதங்களுக்கும் அவர் பதில் போடவில்லை. எங்களுக்குப் பழைமை அதிகாரத்தை நடத்தும்போது மட்டும் ஏன் அவசர அவசரமாக முடித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

யாரோ ஓர் இளைஞர் இலக்கத்தைத் தேடிப் பிடித்து, கைத்தொலைபேசியில் கோத்தகிரிக்கு அழைப்பெடுத்தார். திரையில் கம்பளித் தொப்பி அணிந்த ஒரு முதியவர் தோன்றினார். நலம் விசாரிக்கவில்லை. ஒரு பழைய புத்தகத்தின் முதற் பக்கத்தைத் திரைக்கு நேரே பிடித்தார். பதினாறு வயதில் என் ஆசிரியர் எழுதிய தம் பெயர், மை மங்கித் தெரிந்தது.

"ஒங்கையெழுத்து ஒண்ணாவது எங்கூட வரட்டுமேன்னுதான்டா எடுத்தேன். கேட்டிருந்தா குடுத்திருப்பே. ஆனா கேட்டா, போறேங்கிறத சொல்லணுமே. அதுக்குத்தான்டா வாய் வரல."

நேயர்களே, நண்பர் உரிமையால் கேளாமல் ஒன்றைச் செய்தால் அதை விரும்பி ஏற்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். நோகும்படி செய்தாலும் அது அறியாமை, அல்லது மிகுந்த உரிமை என்றே கொள்ளச் சொல்கிறார். நானும் இதற்குப் பதவுரை, பொழிப்புரை எல்லாம் சொல்லியிருக்கிறேன். ஐம்பது ஆண்டு நட்பில் ஏறக்குறைய முழுவதையும் ஒரு புத்தகத்துக்காக இழந்துவிட்டு நின்ற ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு, அந்த உரைகள் போதவில்லை.

"புத்தகத்த அனுப்பி வைக்கவாடா?" என்று கேட்டார் கோத்தகிரிக்காரர்.

"அனுப்பாதே. நீயே கொண்டு வா" என்றார் என் ஆசிரியர்.

அங்கே சிரிப்புச் சத்தம். "அப்ப நான் கேக்காமலே கையில பாஸ்போட்டக் குடுத்தாங்க. இப்ப நான்தான் கேட்டு எடுக்கணும்."

இடாப்பு வாசித்தவர் அந்தப் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று தயங்கினார். என் ஆசிரியர் பேனாவை வாங்கி, "உள்ளேன்" என்று தாமே எழுதினார்.

உங்கள் வீட்டிலும் பதில் எழுதப்படாத கடிதம் ஒன்று இருக்கலாம். பொன்விழா வரை காத்திருக்க வேண்டாம்.