யோர்க் பேராலயத்தின் உள்ளே: கண்ணாடியும் மரமும் பெயர்களும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோ என்றுதான் பேசுவார் என நினைத்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன்னர் அந்தப் பேச்சு வேண்டாம் என்று செயலாளர் அக்காவே சொல்லிவிட்டார். ஆகவே, இங்கிலாந்தின் வடபகுதி வைத்தியசாலைகளில் வேலை செய்யும் எங்கள் வகுப்புத் தோழிகள் சிலர் ஓய்வு நாட்களில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறோம். அது யோர்க் நகரத்துப் பேராலயம். யோர்க் மின்ஸ்ரர் என்பார்கள். எங்களில் சைவர்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. கும்பிடப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் ஒரே அளவு நேரம் கழுத்தை நிமிர்த்தியபடி நின்றோம்.

கட்டடத்தின் நீள அகலம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. உள்ளே இருக்கும் கண்ணாடியும் மரமும் எப்படி இத்தனை நூற்றாண்டு தப்பி வந்தன, யார் காப்பாற்றினார்கள், காப்பாற்றியபோது எதை மாற்றினார்கள், யாருடைய பெயரை எழுதி வைத்தார்கள் என்பதுதான் எங்கள் பேச்சு.

இப்போதிருக்கும் பேராலயத்தின் வேலை 1220களில் தொடங்கியது. முடிந்து அபிஷேகம் செய்யப்பட்டது 1472இல். இரண்டரை நூற்றாண்டு வேலை. கோதிக் முறைக் கட்டடத்தில் கூரையின் பாரத்தைக் கூர்முனை வளைவுகளும் தூண்களும் வெளியே நிற்கும் உதைசுவர்களும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே சுவருக்குப் பாரம் சுமக்கும் வேலை குறைவு. அந்த இடத்தில் கண்ணாடியை வைத்தார்கள். யோர்க்கில் 128 யன்னல்கள் உள்ளன. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மத்தியகால வர்ணக் கண்ணாடியில் மிகப் பெரிய பங்கு இந்த ஒரு கூரையின் கீழ்தான் இருக்கிறது.

வைத்தியர்களான எங்களை முதலில் பிடித்து நிறுத்தியது 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செய்த ஒரு யன்னல். மேலே புனிதர்களும் யாத்திரிகர்களும் பக்தியோடு நிற்கிறார்கள். கீழ் ஓரத்திலோ குரங்குகளின் செத்தவீடு நடக்கிறது. குரங்குகள் பாடை காவுகின்றன. இன்னொரு பக்கம் குரங்கு வைத்தியர் ஒருவர் சிறுநீர்க் குடுவையைத் தூக்கிப் பிடித்துப் பரிசோதிக்கிறார். அந்தக் காலத்தில் சிறுநீர்க் குடுவைதான் வைத்தியரின் அடையாளம், இன்று எங்கள் கழுத்தில் தொங்கும் ஸ்ரெதஸ்கோப்பைப் போல. அறுநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னரே நோயாளிகள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது கண்ணாடியில் பதிவாகியிருக்கிறது.

அடுத்தது புனித வில்லியம் யன்னல். வில்லியம் யோர்க்கின் பேராயராக இருந்து 1154இல் காலமானவர். அவருடைய சமாதியில் நோய் தீர்ந்தவர்களின் கதைகளை ஏறக்குறைய 1414இல் கண்ணாடியில் தீட்டினார்கள். நொண்டியும் குருடும் காயப்பட்டவர்களும் வரிசையாக வருகிறார்கள். ஒரு கட்டத்தில் ஒருவர் மெழுகில் செய்த காலைச் சமாதிக்குக் கொண்டுவந்து வைக்கிறார். எங்களில் ஒருத்தி அதைக் கண்டவுடன், "இது நேர்த்திக்கடன் அல்லவா!" என்றாள். வெள்ளியில் கண்ணும் காலும் செய்து கோயிலில் வைத்த அம்மம்மாமாரின் பேத்திகளுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த யன்னலின் கீழ்வரிசையில் அதற்குப் பணம் கொடுத்த ரோஸ் என்னும் பிரபுக் குடும்பத்தவர்கள், ஆண்களும் பெண்களும், முழந்தாளிட்டிருக்கிறார்கள். பணம் கொடுத்தவர்களின் முகம் எப்போதும் தப்பி வருகிறது.

வேலை செய்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தப்பவில்லை. விலக்காக ஒருவர் இருக்கிறார்: கொவென்றி நகரத்து ஜோன் தோர்ன்ரன். கிழக்குச் சுவரை நிறைக்கும் மிகப் பெரிய யன்னலை 1405இலிருந்து 1408வரை மூன்றே ஆண்டுகளில் செய்து முடித்தவர் அவர். அதன் உயரம் ஏறக்குறைய 24 மீற்றர், அகலம் 9 மீற்றருக்கு மேல். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து உலக முடிவு வரை அதில் உள்ளது. அவருடைய ஒப்பந்தத்தின் விபரம் இன்றும் தெரியும். கிழமைக்கு 4 ஷில்லிங், ஆண்டுக்கு 5 பவுண், குறித்த காலத்தில் முடித்தால் மேலும் 10 பவுண், எல்லாமாக 56 பவுண். உருவங்களை அவர் தம் கையாலேயே வரையவேண்டும் என்பதும் நிபந்தனை. வேலை முடிந்த ஆண்டையும் தம் பெயரின் அடையாளத்தையும் யன்னலின் உச்சியில் பொறித்து வைத்தார். கீழே நிற்பவர்கள் வாசிக்க முடியாத உயரம் அது.

இனித் தளபாடங்களுக்கு வருவோம். மத்தியகாலத்தில் மக்கள் கூடும் பெரிய மண்டபத்தில் இன்று காணும் கதிரை வரிசைகள் கிடையாது. மக்கள் நின்றார்கள், முழந்தாளிட்டார்கள். குருமார் பாடும் உட்பகுதியில்தான் செதுக்கிய மர ஆசனங்கள் இருந்தன. அவற்றின் இருக்கைப் பலகை மேலே மடியும். மடித்தால் அதன் அடியில் ஒரு சிறு தாங்கி தெரியும். நீண்ட ஆராதனையில் எழுந்து நிற்கவேண்டிய முதிய குருமார், நிற்பது போலவே அதில் பாரத்தைச் சாய்த்துக்கொள்ளலாம். இந்தத் தாங்கிக்கு இலத்தீனில் இரக்கம் என்று பொருள்படும் பெயரையே வைத்திருந்தார்கள். முழங்கால் நோவைப் பற்றிப் பேசமாட்டோம் என்று சொன்னோம். ஆனால் இந்த மரவேலை அதற்குத்தான்.

யோர்க்கின் அந்த ஆசனங்கள் 1829 பெப்ரவரியில் எரிந்துபோயின. ஜோனதன் மார்ட்டின் என்பவர் மாலை ஆராதனை முடிந்தபின் உள்ளே ஒளிந்திருந்து, செபப் புத்தகங்களைக் குவித்துத் தீ மூட்டினார். ஆசனங்களும் ஓர்கனும் கூரையும் சாம்பலாயின. வில்லியம் மன்னர் முதல் ஆறாம் ஹென்றி வரை பதினைந்து அரசர்கள் வரிசையாக நிற்கும் கல் திரை மட்டும் தப்பியது. மார்ட்டின் சித்தசுவாதீனமற்றவர் என்று நீதிமன்றம் தீர்த்தது. எஞ்சிய காலத்தை அவர் லண்டன் மனநோய் வைத்தியசாலையில் கழித்தார். பேராலய வரலாற்றில் அவர் ஒரு குற்றவாளி. எங்கள் கண்ணுக்கு அவர் நேரத்தோடு யாரும் கவனிக்காத ஒரு நோயாளியாகவும் தெரிகிறார்.

1840இல் இன்னொரு தீ, இம்முறை தவறுதலாக. பெரிய மண்டபத்தின் மரக்கூரை போயிற்று. கூரை வளைவுகள் சந்திக்கும் இடங்களில் பொருத்தியிருந்த செதுக்குக் குமிழ்களும் போயின. நல்லவேளையாக ஜோன் பிறவுண் என்ற ஓவியர் அவற்றை முன்பே வரைந்து வைத்திருந்தார். அந்தப் படங்களைப் பார்த்துப் புதிதாகச் செதுக்கினார்கள், ஒன்றைத் தவிர. மூலக் குமிழில் மரியாள் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். 19ஆம் நூற்றாண்டுப் பெரியவர்களுக்கு அது கோயிலுக்குத் தகாத காட்சியாகப் பட்டது. புதிய குமிழில் குழந்தையின் வாயில் பால்போத்தலை வைத்துவிட்டார்கள்! இன்றும் அண்ணாந்து பார்த்தால் தெரியும். மத்தியகாலத் தச்சர் கூச்சமில்லாமல் செதுக்கிய தாயைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள். பிரசவ விடுதிகளில் தாய்ப்பாலின் அருமையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வரண்டவர்கள் நாங்கள். சிரித்தோம், ஆனால் உள்ளே வலித்தது. பழையதைத் திருத்துபவர்கள் தங்கள் காலத்து வெட்கத்தையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள்.

நல்ல திருத்தமும் உண்டு. 1984 ஜூலையில் தெற்குப் பக்கக் கூரை தீப்பிடித்தது. அங்கிருந்த ரோஜா வடிவ வட்ட யன்னலின் கண்ணாடி வெப்பத்தில் ஏறக்குறைய 40,000 வெடிப்பு விட்டது. ஆனால் விழவில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பிணைத்த ஈயச் சட்டம் அதைத் தாங்கி நின்றது. கூரையைத் திரும்பக் கட்டியபோது பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சி ஒன்றில் போட்டி வைத்து, பிள்ளைகள் வரைந்த ஆறு படங்களைக் குமிழ்களாகச் செதுக்கினார்கள். மனிதன் சந்திரனில் கால் வைத்ததும், திமிங்கிலங்களைக் காப்பதும் இப்போது கோதிக் கூரையில் இருக்கின்றன.

தோர்ன்ரனின் கிழக்கு யன்னலையும் 311 கட்டங்களாகக் கழற்றி, பத்தாண்டுகள் சிகிச்சை செய்து, 2018இல் வேலையை முடித்தார்கள். சிகிச்சை என்ற சொல்லை நாங்கள் வேண்டுமென்றே சொல்கிறோம். முந்திய நூற்றாண்டுகளில் ஒரு கண்ணாடி உடைந்தால் வெடிப்பின் மேல் ஈயப்பட்டி வைத்து ஒட்டுவார்கள். கண்ணாடி நின்றது. ஆனால் அந்தக் கறுத்தக் கோடுகள் முகங்களின் குறுக்கே ஓடி, யார் முகம் என்றே தெரியாமற் போயிற்று. இந்த முறை அந்த ஈயத்தை எடுத்துவிட்டு, வெடிப்பை ஒளி புகும் பசையால் ஒட்டினார்கள். வெளியே இன்னொரு கண்ணாடியை நிறுத்தி வெயிலையும் மழையையும் தடுத்தார்கள். சத்திரசிகிச்சை செய்த எவருக்கும் இது புரியும். தையல் காயத்தை மூடவேண்டும், ஆளை மறைக்கக்கூடாது.

கடைசியாக, இதற்காகவே இந்தப் பேச்சை எடுத்தோம் என்று சொல்லக்கூடிய ஒரு யன்னல். வடக்குப் பக்கத்தில் ஐந்து சகோதரிகள் என்ற பெயரில் ஐந்து ஒடுங்கிய யன்னல்கள் ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் 16 மீற்றர் உயரம். 1250களை ஒட்டிச் செய்தவை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள். படமும் கதையும் அநேகமாக இல்லை. சாம்பல் வெள்ளையில் இலையும் கொடியும் கோடுகளும், மார்கழிக் காலையில் போட்ட கோலம் எழுந்து நிற்பது போல. எங்களுக்கு அங்கே எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான்.

முதலாம் உலகப் போரில், 1916இல், யோர்க்கின் மேல் ஜேர்மன் வான்கப்பல்கள் குண்டு போட்டதும் இந்தக் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். போர் முடிந்தபோது ஈயம் உளுத்திருந்தது, திரும்பப் பூட்டப் பணம் இல்லை. அப்போது ஹெலன் லிற்றில் என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார். சிறுவயதில் இறந்த தம் தங்கைகள் இருவரும் கனவுபோலத் தோன்றி இந்த யன்னலைக் காட்டினார்கள் என்பது அவர் சொன்ன காரணம். போரில் இறந்த ஆண்களுக்கு ஊருக்கு ஊர் நினைவுத்தூண் எழுந்துகொண்டிருந்தது. இறந்த பெண்களுக்கு? இந்த யன்னலைத் திருத்தி அவர்களுக்கு நினைவாக்குவோம் என்றார். பெண்களிடமே பணம் சேர்த்தார்கள். ரீவோ என்ற இடிந்த துறவிமடத்தின் மண்ணுக்குள், எட்டாம் ஹென்றி காலத்திலிருந்து புதைந்து கிடந்த ஈயத்தைத் தோண்டி எடுத்து அதனால் கண்ணாடியைப் பிணைத்தார்கள். 1925 ஜூனில் அது திறக்கப்பட்டது. ஏறக்குறைய எமது சங்கத்தின் வயது.

யன்னலுக்கு அருகில் ஓக் மரத் திரைகள் இருக்கின்றன. அவற்றில் அன்றைய பிரித்தானியப் பேரரசு முழுவதிலும் போரில் உயிர்விட்ட 1,400க்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. தாதியர், வைத்தியர், வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள். கடலில் மூழ்கியவர்கள், வார்டில் தொற்று நோய் பிடித்துச் செத்தவர்கள். அரசர்கள் கல்லில் நிற்கும் அதே கட்டடத்தில் இவர்கள் மரத்தில், பெயராக மட்டும் நிற்கிறார்கள். அந்தத் தாதியரின் பெயர்களை நாங்கள் ஒவ்வொன்றாக வாசித்தோம். பாதியில் பேச்சு நின்றுவிட்டது.

அன்புக்குரியவர்களே, அங்கே நின்றபோது எங்கள் வகுப்பில் நாங்கள் இழந்த இரண்டு பேரை நினைத்தோம். ஒருத்தி செல் விழுந்து போனாள். மற்றவள் இடப்பெயர்வின்போது, சாதாரணமாக மாற்றியிருக்கக்கூடிய காய்ச்சலில் போனாள். அவர்களுடைய பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. உங்கள் வகுப்புகளிலும் அப்படி இருப்பார்கள். யுத்தத்தில், சுனாமியில், முகாமில், கடல் கடந்த வழியில் போனவர்கள். பரிசுபெற்றவர்களின் பெயரும் அதிபர்களின் பெயரும் மண்டபத்தில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். காய்ச்சல் வந்தால் எங்களைத் தடவிக் கொடுத்த விடுதி அம்மாமாரின் பெயர்களோ, விறகடுப்பில் அவித்துப் போட்ட சமையலறை ஆச்சிமாரின் பெயர்களோ எங்கே?

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவோர் எழுப்பட்டும். அதனோடு ஒவ்வொரு வகுப்பும் தாம் இழந்தவர்களின் பெயரை, முதலெழுத்துப் பிழையில்லாமல், படித்த ஆண்டோடு எழுதிச் சங்கத்துக்குத் தாருங்கள். எப்படிப் போனார்கள் என்று எழுத வீட்டார் விரும்பாவிட்டால் அதை விட்டுவிடுங்கள், பெயர் போதும். இப்போது நாற்பதுகளில் இருக்கும் எங்களுக்கு அந்த முகங்கள் ஞாபகம் இருக்கின்றன. இன்னும் முப்பது ஆண்டு போனால் கேட்க ஆளிருக்காது. எங்கள் வகுப்பின் இரண்டு பெயர்களையும் எழுதிய தாளை இன்று செயலாளர் அக்காவின் கையில் கொடுத்திருக்கிறோம். மற்றத் தாள்களுக்காக அவர் காத்திருப்பார்.