ஆம்பலை அறிதல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேச அழைத்த செயலாளர் அவர்கள், 'சங்க இலக்கியத்தில் நீர்ப்பூக்கள்' எனத் தலைப்பையும் குறித்துத் தந்தார். எனக்குப் பழகிய தலைப்புத்தான். பல மேடைகளில் பேசியும் இருக்கிறேன். ஆயினும் அந்தப் பழைய உரையை இன்று பேச என் மனம் ஒப்பவில்லை. அதில் ஒரு பிழை இருந்தது. அதனை ஒப்புக்கொள்வதற்கு இதனினும் தக்க அவை எனக்கு வாய்க்காது.

ஈராண்டுகளுக்கு முன்னர், நம் ஊரில் தொட்டியிலும் சிறுகுளத்திலும் நீர்ப்பூச்செடி வளர்க்கும் அன்பர்கள் சிலர் தம் கூட்டத்திற்கு என்னை அழைத்திருந்தனர். ஆம்பலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொடுத்த தொண்ணூற்றொன்பது மலர்களுள் அது ஒன்று என்றேன். பரிபாடலில் அது ஒரு பேரெண்ணின் பெயராகவும் வருகிறது என்றேன். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஆம்பல் என்பது குழலிசையோடு சேர்ந்து ஒலிப்பதையும் எடுத்துரைத்தேன். கைத்தட்டல் ஓய்ந்தபின், பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். "அம்மா, நீங்க சொல்ற வெள்ளாம்பல் எந்நேரம் பூக்கும்?" என்று கேட்டார். "காலையில்" என்றேன் தயக்கமின்றி. அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு முற்பகல் பதினொரு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்கம்மா, காட்டுறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சென்றேன். தொட்டியில் வெள்ளாம்பல் ஒவ்வொன்றும் குவிந்து கிடந்தது. அன்று மாலை இருள் கவியும் வேளையில் மீண்டும் போனேன். ஒன்றன்பின் ஒன்றாக அவை விரியத் தொடங்கின. முனைவர் பட்டம் பெற்றுப் பதினைந்து ஆண்டுகளாக ஆம்பலைப் பாடம் சொல்லிவந்த நான், அது விரிவதை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

கதிரவனைக் கண்டு தாமரை மலரும், நிலவைக் கண்டு ஆம்பல் மலரும் என்பதை நாம் கவிமரபு என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அது வெறும் மரபன்று. குளக்கரையில் நின்று கண்டவர்களின் குறிப்பு. வெள்ளாம்பல் அந்தியில் விரிந்து இரவெல்லாம் மலர்ந்திருந்து மறுநாள் முற்பகலில் குவியும். நிலவில்லாத இரவிலும் அது மலரும் என்பது உண்மை. ஆனால் அதனை மக்கள் கண்டு மகிழ்ந்தது நிலவொளியில் அல்லவா! நீல ஆம்பலோ பகலில் மலர்வது. 1986இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது அந்த நீல மலரே. குவளை, நெய்தல், கழுநீர் ஆகிய பெயர்களுள் எது எச்செடிக்கு உரியது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாதத்தில் இறங்குமுன், இரவில் மலர்வது எது, பகலில் மலர்வது எது என்பதையேனும் நாம் கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

தாமரைக்கும் ஆம்பலுக்கும் உள்ள வேற்றுமையையும் அந்த முதியவரே எனக்குக் கற்பித்தார். ஆம்பல் இலை நீரின்மேல் படிந்து மிதக்கும். விளிம்பிலிருந்து காம்புவரை ஒரு பிளவு இருக்கும். தாமரையின் முதிர்ந்த இலை நீரைவிட்டு உயர்ந்து நிற்கும். அதில் பிளவு இராது. காம்பு இலையின் நடுவில் பொருந்தியிருக்கும். தாமரை இதழ் உதிர்த்துக் காயை வானுக்குக் காட்டும். ஆம்பலோ, பூத்து முடிந்ததும் குவிந்து நீருக்குள் அமிழ்ந்து, எவர் கண்ணிலும் படாமல் காய்க்கும். இரண்டையும் ஒரே குடும்பமெனக் கொண்டிருந்த தாவரவியலார், மரபணு ஆய்வுகளுக்குப் பின் அவை நெருங்கிய உறவற்றவை என்ற முடிவுக்கு வந்துள்ளனர். நம் புலவர்கள் அவற்றை என்றுமே ஒன்றெனக் கருதியதில்லை.

கண்டது போதாது, வளர்க்கவும் வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. வீட்டின் பின்புறம் சிமெண்டுத் தொட்டி கட்டினேன். மூன்று பிழைகள் செய்தேன். கட்டிய மறுவாரமே நீர் நிரப்பிச் செடியை இட்டேன். புதுச் சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் வேரை வாட்டியது. செழிக்கட்டும் என்று தொழுவுரத்தை அள்ளிப் போட்டேன். நீர் பச்சைக் குழம்பாயிற்று. வெயில் சுடுமே என்று வேப்பமர நிழலில் தொட்டியை அமைத்திருந்தேன். தப்பிப் பிழைத்த ஒரு செடியும் இலையோடு நின்றது, மொட்டு விடவில்லை.

பின்னர் முறையாகக் கற்றேன். புதுத் தொட்டியில் நீரை நிரப்பி, ஊறவைத்து, இறைத்து, இப்படிச் சில வாரங்கள் காரத்தைப் போக்க வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் வேண்டும். நீர் அலையாமல் இருக்க வேண்டும். மேலிருந்து நீர் கொட்டும் இடம் ஆம்பலுக்கு ஆகாது. வாயகன்ற மண்சட்டியில் களிமண் கலந்த குளத்து வண்டலை இட்டுக் கிழங்கை நட்டு, மண் கலங்காதபடி மேலே மணலைப் பரப்ப வேண்டும். முதலில் ஒரு சாண் ஆழத்தில் வைத்து, இலை நீள நீளச் சட்டியைத் தாழ்த்த வேண்டும். நீர் பச்சையானால் பதறி நாள்தோறும் நீரை மாற்றலாகாது. இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடும்போது பாசிக்கு வெயில் குறைந்து நீர் தானே தெளியும். கொசுப்புழுவைத் தின்ன உள்ளூர்க் குளத்துச் சிறுமீன்கள் நான்கைந்து போதும்.

ஓராண்டுக்குப் பின் என் தொட்டியில் வெள்ளாம்பல் பூத்தது, காயும் அமிழ்ந்தது. அந்தக் காயே என்னை மீண்டும் புறநானூற்றுக்கு அழைத்துச் சென்றது.

ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டை இங்குள்ளோர் அறிவீர்கள். இளமையில் தழையாடையாக உதவிய அதே வெள்ளாம்பல், கணவன் இறந்தபின், வேளை தவறி உண்ணும் புல்லரிசியாக உதவுகிறதே என்று ஒரு பெண் இரங்கும் பாட்டு அது. 'தாபத நிலை, கைம்பெண்டிர் அல்லியரிசி உண்டனர்' என்று வகுப்பில் ஒரு வரிக் குறிப்பாகச் சொல்லி, அடுத்த பாட்டிற்குப் போய்விடுவது என் வழக்கம்.

அந்த அல்லியரிசியை நான் எடுத்துப் பார்த்தேன். நீருக்குள் கையை விட்டுத் துழாவிக் காயைப் பறிக்க வேண்டும். பிந்தினால் அது வெடித்து விதைகள் நீரில் மிதந்து சிதறிவிடும். பறித்ததை அழுகவிட்டு, வழுவழுப்புப் போகக் கழுவி, உலர்த்தினேன். விதை ஒவ்வொன்றும் கடுகளவே இருந்தது. என் தொட்டியின் ஒரு பருவத்து விளைச்சல் உள்ளங்கையை நிறைக்கவில்லை. ஒரு வேளை உணவுக்கு எத்தனை காய் வேண்டும்? எவ்வளவு நேரம் இடுப்பளவு சேற்றில் நிற்க வேண்டும்? அப்பெண் வேளை தவறி உண்டது நோன்பு கருதி என்றே உரை சொல்லிவந்தேன். அந்த உணவைத் திரட்டும் உழைப்பும் அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. என் அப்பாயி இருபத்தாறு வயதில் வெள்ளைச் சேலை உடுத்தியவர். வீட்டார் அனைவரும் உண்டபின், பிற்பகலில், அடுக்களை மூலையில் தனியே உண்பார். அப்பாட்டை நடத்திய இத்தனை ஆண்டுகளில் அவரை நான் ஒருமுறையும் நினைத்ததில்லை. அந்த உள்ளங்கை விதையைப் பார்த்தபோது நினைத்தேன், அழுதேன்.

கலைஞன் குளத்தை வளர்த்த கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மோனே, ழிவெர்னி என்னும் சிற்றூரில் 1893இல் நிலம் வாங்கி, ஓடையின் நீரைத் திருப்பிக் குளம் அமைத்தார். அயற்செடிகள் நீரைக் கெடுக்கும் என்று அவ்வூரார் எதிர்த்தனர், அவர் விடவில்லை. இலைமேல் படியும் தூசியை அகற்றவும் ஓர் ஆளை அமர்த்தினார். அக்குளத்து ஆம்பலை ஏறத்தாழ 250 ஓவியங்களாகத் தீட்டினார். அவர் 1926இல் மறைந்தார். மறு ஆண்டு பாரிசின் ஒராஞ்செரி அரங்கில் அவருடைய பெரும் ஆம்பல் ஓவியங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. முதலில் குளத்தைப் பேணினார்; பிறகே தூரிகையை எடுத்தார்.

நம் நிலை என்ன? நான் பிறந்த ஊரின் குளத்தில் அல்லித்தண்டை ஒடித்து உரித்து மாலையாக்கி நாங்கள் கழுத்தில் அணிந்ததுண்டு. இன்று அங்கே தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை கரைமுதல் கரைவரை மூடிக் கிடக்கிறது. வேறொரு குளத்தை அழகுபடுத்துவதாக எண்ணி அடியில் காங்கிரீட் தளம் இட்டுவிட்டனர். ஆம்பல் வேரூன்ற அங்கே மண்ணில்லை. வரத்துக்கால், மதகு, கலிங்கு என்று நீரைப் பேணும் தொழிலுக்கே தனிச்சொற்கள் படைத்த மொழி நம்முடையது. குளம் போனால் அச்சொற்கள் அகராதிக்குள் மட்டுமே வாழும். அதன்பின் ஆம்பலைப் பாடும் கவிஞர், அகராதியைப் பார்த்தே பாடுவார்.

ஆகவே இந்த அவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, கவிஞர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு தொட்டி ஆம்பலேனும் வளர்க்க வேண்டும். அல்லது ஓர் இரவேனும் அது விரிவதைக் காத்திருந்து காண வேண்டும். மற்றொன்று, நம் வட்டம் ஊரின் ஒரு சிறு ஊருணியையேனும் ஏற்று, ஆண்டுக்கு ஒருமுறை அங்கே கூடிக் களையகற்ற வேண்டும். கவியரங்கத்தை அன்று கரையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

முடிக்குமுன் அந்த முதியவர் சொன்ன ஒன்று. தொட்டி ஆம்பலை ஈராண்டு மூவாண்டுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கிழங்கைப் பிரித்து, புது மண்ணில் நட வேண்டும். இல்லையேல் இலைகள் ஒன்றையொன்று நெருக்கி மேலெழும், பூ குறைந்துபோகும். பிரித்தெடுத்த கிழங்கைப் பிறருக்குக் கொடுத்துவிட வேண்டும். பத்தாண்டு கண்ட நம் வட்டத்திற்கும் இது பொருந்தும் என்று கருதுகிறேன். புதிய இளைஞர்களுக்கு இடம் கொடுப்போம். பக்கத்து ஊர்களிலும் நம் கிழங்கு வேர்விடட்டும்.

வாசலருகே என் தொட்டியில் பிரித்த பத்துக் கிழங்குகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். விரும்புவோர் எடுத்துச் செல்லலாம். வேப்பமரத்தடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.