பால் மரத்தை விட்டுப் போகவில்லை

(தொலைக்காட்சி ஆன்மிக அரங்கில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



மம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "நான் தண்ணி போடுறவன் சாமி, கோயிலுக்குள்ள வர எனக்கு யோக்கியதை இல்ல." வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நாளாக ஆக, அப்படி நிற்பதும் நின்றுவிடும். பாவம் செய்தால் இறைவன் நம்மை விட்டுப் போய்விடுகிறானா?

யூதர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். கி.பி. 70இல் உரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். கோயில் போயிற்று, சாமி எங்கே? மக்கள் எந்த நாட்டுக்கு விரட்டப்பட்டார்களோ அங்கெல்லாம் இறைவனின் சந்நிதியும் கூடவே சென்றது என்றார்கள் அவர்களுடைய குருமார். அதற்குச் 'செகினா' என்று பெயர். நம் சக்தியைப் போலப் பெண்பாலாகச் சொல்வார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, கோயிலை விட்டு வெளியேறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஷ்னேயுர் சல்மான் (1745-1812) என்ற யூத ஞானியின் 'தான்யா' நூலில், ஆன்மாவை இறைவனோடு பிணைப்பது 613 புரிகள் கொண்ட கயிறு. புரிக்கு ஒரு கட்டளை. ஒரு கட்டளையை மீறினால் ஒரு புரி அறும். ஆனால் பாவம் செய்கிறவன், அரசனின் தலையைப் பிடித்திழுத்து அசுத்தத்தில் அமுக்குகிறவனுக்குச் சமம் என்றும் அதே நூல் சொல்கிறது. நாம் போகும் கெட்ட இடத்துக்கு அவனையும் இழுத்துப் போகிறோமாம். விட்டுப் போகிறவனுக்கு அந்த அவமானம் ஏது?

நம் சைவ சித்தாந்தம் எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது. அங்கே கயிறு அறுவதே இல்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின்படி, உயிரும் சிவமும் ஒரே பொருள் அல்ல. ஆனால் பிரிந்து நிற்பதும் இல்லை. இடையில் மறைப்பது ஆணவ மலம். இருட்டு பொருளை மறைத்தாலும் தன்னைக் காட்டிவிடும், ஆணவமோ தன்னையும் காட்டாது என்றார் உமாபதி சிவம். 'எனக்கு யோக்கியதை இல்லை' என்று ஒதுங்குவதிலும் அந்த 'நான்'தான் ஒளிந்திருக்கிறது என்பேன்.

பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். முந்தின வெட்டில் ஒட்டுப்பால் காய்ந்து அடைத்திருக்கும். அதற்காக மரத்தில் பால் இல்லை என்று யாராவது திரும்பிப் போனதுண்டா? ஒட்டுப்பாலை உரித்து, பட்டையை மெல்லச் சீவினால் மங்கில் சொட்டும். உரிக்கிற வேலை நம்முடையது. குடியை விட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விட்ட பிறகுதான் வர வேண்டும் என்பதில்லை.

அருணந்தி சிவாச்சாரியார் கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஆகமங்களையெல்லாம் கற்ற பெரியவர். ஒரு சிறுவன் பாடம் சொல்வதா என்ற கோபத்தோடு திருவெண்ணெய்நல்லூருக்கு வந்தார். அங்கே சிறுவராக இருந்த மெய்கண்டார், ஆணவம் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஆணவத்தின் வடிவம் என்ன?" என்று அதட்டினார் அருணந்தி. மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்தார். பெரியவர் காலில் விழுந்தார். மெய்கண்டார் அவரைத் துரத்தவில்லை, மாணவராக ஏற்றுக்கொண்டார். சிவஞான சித்தியாரை எழுதியவர் அந்த அருணந்திதான்.