மூழ்குதல்



2024 டிசம்பர் 2 காலை வரையிலான ஒரே நாளில் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. பேருந்து நிலையப் பகுதியில் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் அடித்துச் சென்றது. ‘மூழ்குதல்’ என்னும் சொல்லின் பொருளை அன்று சிறு குழந்தையும் அறிந்துகொண்டது.

இதே சொல்லை அடகுக்கடையிலும் ஆள்கிறோம். தவணைக்குள் மீட்கப்படாத நகை ‘மூழ்கிப்போயிற்று’ என்கிறோம். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. வட்டிதான் தலைக்கு மேல் ஏறி நிற்கிறது. (வட்டி ஹராம் என்றறிந்த நம் வீட்டு நகைகளும் அங்கே கிடப்பதை என்னென்பது!) வணக்கத்தில் மூழ்கினார் என்கிறோம், கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கிறான் என்றும் கடிந்துகொள்கிறோம். சொல் ஒன்றே, எதில் மூழ்கினோம் என்பதில்தான் வேறுபாடு.

அரபியில் ‘கம்ரத்’ என்பது ஆளை மூடிவிடும் ஆழ்ந்த நீரைக் குறிக்கும். மறுமையை மறந்து கிடப்போரின் நிலையைச் சொல்ல, திருக்குர்ஆனின் அத்தாரியாத் அத்தியாயம் 11ஆம் வசனம் இச்சொல்லையே எடுத்தாள்கிறது. நீர்மட்டம் கரையில் நிற்பவருக்குத் தெரியும். உள்ளே கிடப்பவருக்குத் தெரியாது.

இன்று வீடு திரும்பியதும் பீரோவிலுள்ள அடகுச் சீட்டை எடுங்கள். அதில் குறித்துள்ள தேதியைக் குடும்பத்தாருடன் அமர்ந்து பாருங்கள்.