தனித்தனிப் பட்டறை, பொதுவான தண்ணீர்



நம் திருப்பூரில் ஒரு பனியன் பல கூரைகளுக்குக் கீழே உருவாகிறது. நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட். பெரிய முதல் இல்லாதவரும் இங்கே தொழில் தொடங்க முடிந்தது இதனால்தான். தொழில்நுட்பம் மாறும்போது சோதனைக்கு வருவதும் இதே அமைப்புதான்.

சாயப்பட்டறையைப் பாருங்கள். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் உப்புப் போட வேண்டும். சாயத்தைத் துணி வாங்கிக்கொள்ளும்; உப்பு தண்ணீரோடு வெளியே போய்விடும். சுண்ணாம்பு போட்டு நிறத்தைக் குறைக்கலாம், கரைந்த உப்பை எடுக்க முடியாது. அந்த உப்பு நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணைத் தண்ணீரை வயலில் விடவே விவசாயிகள் பயந்தார்கள். நீதிமன்றம் போனார்கள். அவர்கள் போனது நியாயம். இதைத் திருப்பூர் மேடையிலேயே சொல்கிறேன்.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. சாயம் போடத் துணி வெளியூருக்கு லாரி ஏறியது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் மறுபடி ஓட்ட வேண்டுமென்றால் ஆர்.ஓ. சவ்வு வேண்டும், அது ஒதுக்கும் உப்பு நீரைக் காய்ச்ச ஆவியாக்கி வேண்டும். பெரிய நிறுவனங்கள் சொந்தமாகக் கட்டிக்கொண்டன. நான்கு வின்ச் சாய மிஷின் மட்டும் வைத்திருந்தவர் என்ன செய்வார்? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் பங்கு போட்டார். போட்டியாளர்கள் ஒரே குழாயில் கழிவுநீரை விட்டு, செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சுத்தமான தண்ணீரும் உப்பு நீரும் மறுபடி சாயத்துக்கே வந்தன. தண்ணீருக்கு விலை வந்ததும், குறைந்த தண்ணீரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ சாய மிஷின் கட்டுபடியானது.

தாங்க முடியாமல் தொழிலை விட்ட சிறு பட்டறைக்காரர்களும் உண்டு. அந்த இழப்பைச் சொல்லாமல் வெற்றியை மட்டும் பேசுவது நேர்மையல்ல.

ஆவியாக்கியில் கடைசியாக மிஞ்சும் கலப்பு உப்பு இன்று கிடங்குகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கு எந்தத் தனிப் பட்டறையாலும் செலவு செய்ய முடியாது. தொழில் அமைப்புகளும் நம் பொறியியல் கல்லூரிகளும் சேர்ந்து அந்த ஆய்வைத் தொடங்க வேண்டும். செலவில் அரசும் பங்கேற்க வேண்டும். இந்த அவையின் தீர்மானமாகவே அதை நிறைவேற்றித் தருமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.